பட்டவர் அறிவும் பார்த்தவர் அறிவும்

தற்கொலைத் தடுப்புப் பணி மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் அதிகாரிக்கும் உரியது, உயிரை விட முயன்று மீண்டவர்களும் அவ்வாறு ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தாரும் அப்பணியின் பயனைப் பெறலாமே ஒழிய அதைச் செய்பவர்களாக ஆகக்கூடாது என்னும் கருத்து, மலேசியத் தமிழரிடையே எழுதப்படாத விதியாக நிலைபெற்றிருக்கிறது. கோயில் நிர்வாகக் குழுவோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றைத் திட்டமிடும்போது, யாரைப் பேச அழைப்பது என்ற கேள்விக்குத் தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் என்பதே பதிலாக வருகிறது. அதே தோட்டத்தில், இரண்டு வீடு தள்ளி, பல ஆண்டுகளுக்கு முன் சாவின் வாசல்வரை போய்த் திரும்பி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண்மணி இருக்கக்கூடும் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. வந்தாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. இக்கருத்தை உடையவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள்தாம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களது கருத்து தவறானது என்பதும், லெம்பா பெர்த்தாம் போன்ற மலைத்தோட்டப் பகுதியில் அத்தவறு உயிர்ச்சேதத்துக்கே இடமளிக்கிறது என்பதும் இங்கு நிறுவப்பட வேண்டியவை.

தமிழில் இதற்கென்றே பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. படித்து வருவது படிப்பறிவு. பட்டு வருவது பட்டறிவு. தற்கொலைத் தடுப்புத் துறையில் பட்டறிவுடையோர் என்று சொல்லும்போது, முயன்று உயிர்பிழைத்தவர்கள், சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு நீண்டகாலம் போராடியவர்கள், தற்கொலையால் உறவினரை இழந்தவர்கள், அத்தகைய நெருக்கடியில் இருந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் ஆகிய நால்வகையினரும் குறிக்கப்படுகின்றனர். இந்நால்வரின் அறிவும் ஒன்றல்ல. தாயை இழந்த மகனுக்குத் தெரிந்தது, முயன்று பிழைத்த தாய்க்குத் தெரிந்ததிலிருந்து வேறானது. சில வேளைகளில் இரண்டும் முரண்படவும் கூடும். பட்டறிவு என்பதை ஒரே குரலாகக் கற்பித்துக்கொண்டு அதைப் புகழ்வோரும் இகழ்வோரும் இந்த அடிப்படையைக் கவனிப்பதில்லை.

பாகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குக் கீழே பெர்த்தாம் ஆற்றையொட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்கே லெம்பா பெர்த்தாம். மலையின் மேற்பகுதிகளில் தேயிலையும், பள்ளத்தாக்கில் காய்கறியும் பூவும் விளைகின்றன. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இம்மலையில் கொழுந்து பறித்தும், களை வெட்டியும், மருந்தடித்தும் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. இந்த மலைக்கு மனநல ஆய்வு வரலாற்றில் தனியிடம் உண்டு என்பது இங்குள்ளவர்களே பரவலாக அறியாத செய்தி. மனநல மருத்துவர் டி. மணியம் 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, கேமரன் மலையில் நிகழ்ந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் பற்றியது. இந்திய வம்சாவளியினரிடையே விகிதம் ஏனைய இனத்தாரைக் காட்டிலும் மிக அதிகமாக இருந்ததையும், வேளாண் நச்சுப்பொருள்கள் எளிதில் கைக்கு எட்டுவது அதற்கு முக்கியக் காரணமாக இருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. பின்னர், 2007இல் தொடங்கப்பட்ட தேசியத் தற்கொலைப் பதிவேடும், மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் இந்தியர்களே மிகுதியாகப் பாதிக்கப்படுவதைக் காட்டியது. அப்பதிவேடு 2009ஆம் ஆண்டுக்குக் குறித்த மரணங்கள் நாடு முழுவதற்கும் 328 மட்டுமே என்பதும், உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடுகள் அதைப்போலப் பல மடங்காக இருப்பதும், எவ்வளவு மறைக்கப்படுகிறது என்பதற்கான அளவுகோல்கள்.

ஆக, இம்மலைத் தமிழர்கள் எண்ணப்பட்டிருக்கிறார்கள். எண்ணுவது இன்றியமையாதது, அது இல்லாவிட்டால் சிக்கல் இருப்பதே வெளியே தெரிந்திராது. ஆனால் எண்ணிக்கை எத்தனை பேர் என்று சொல்லும், எந்த இடத்தில் ஒரு கை நீண்டிருந்தால் அவர் நின்றிருப்பார் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் நின்றுவிட்டவர் ஒருவர்தாம்.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் பாதுகாப்பு பற்றியது. முன்பு ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அத்தகையவரை இன்னொருவரின் துயரத்துக்கு முன்னால் உட்காரவைப்பது அவரது ஆறிய புண்ணைக் கீறுவதாகும் என்று அவர்கள் சொல்கின்றனர். வாதத்தின் முற்பகுதி உண்மை. முந்தைய முயற்சி என்பது மிக வலுவான ஆபத்துக் குறி என்பதை எந்த ஆய்வாளரும் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வுகளின் மறுபக்கத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொண்ணூறு ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தற்கொலையால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர்தாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவ்வழியில் இறக்கவில்லை. இந்தப் பெரும்பான்மையை, ஒருமுறை உடைந்த பானை என்றென்றும் உடைந்ததே என்பதுபோல ஒதுக்கிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, அது தீர்ப்பு. உண்மையான பாதுகாப்பு வேறு வகையானது: நெருக்கடி கடந்து போதிய காலம் ஆகியிருக்க வேண்டும், பயிற்சி வேண்டும், பணிக்குப் பின் மனம்விட்டுப் பேச ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், இன்று முடியாது என்று காரணம் சொல்லாமல் விலகும் உரிமை வேண்டும். சாவுக்கு அருகில் பணிபுரியும் செவிலியருக்கும் தொலைபேசித் தொண்டருக்கும் வேண்டியவையும் இவையே. அவர்களுக்குக் கொடுக்கப்படாதபோது எழாத கவலை, பட்டவர் வரும்போது மட்டும் எழுவது ஏன் என்பதை எதிர்த்தரப்பினர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வாதம், பேசினால் பரவும் என்பது. இதற்கும் ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பரபரப்பாக வெளியிடப்படும் தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் கூடுவதை 1974இல் காட்டி, அதற்குக் கெதேயின் நாவல் நாயகன் பெயரால் வெர்தர் விளைவு என்று பெயரிட்டார். இம்முடிவு இன்றும் நிற்கிறது. சாவை அழகுபடுத்துவதும் அதன் வழிமுறையை விவரிப்பதும் கேடு விளைவிக்கும். ஆனால் 2010இல் ஆஸ்திரியாவின் தாமஸ் நீடர்குரோட்டன்தாலரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு, நெருக்கடியில் இருந்தவர் அதைக் கடந்து வந்த விதத்தைச் சொல்லும் செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் குறைவதைக் கண்டது. மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் உயிரை விடத் துணிந்தபோது பிறர் சொல்லால் மனம் மாறும் பாத்திரத்தின் பெயரால் அதற்குப் பாப்பகேனோ விளைவு என்று பெயர் வந்தது. ஆகவே வேறுபாடு பேச்சுக்கும் மௌனத்துக்கும் இடையில் இல்லை, எதைப் பேசுவது என்பதில் இருக்கிறது. இறந்தவரின் கதையைத் தோட்டமே நாள்கணக்கில் பேசுகிறது, எப்படி, எங்கே, எதனால் என்று நுணுக்கமாகப் பேசுகிறது. பிழைத்தவரின் கதையை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. கெடுக்கும் பேச்சுக்கு வழிவிட்டுக் காக்கும் பேச்சுக்குத் தடைபோட்டிருக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் அடக்கம் என்று சமூகம் அழைத்துக்கொள்கிறது.

மூன்றாவது வாதம் அறிவின் தகுதி பற்றியது, இதுவே ஆழமானது. அனுபவம் தனிமனிதருடையது, மருத்துவ அறிவு பலரை ஆராய்ந்து பெறப்பட்டது, ஆகவே முன்னது பின்னதற்கு ஈடாகாது என்பர். ஈடு என்ற சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. மனச்சோர்வுக்கு எந்த மருந்து எந்த அளவில் கொடுக்கப்பட வேண்டும் என்பதைப் பட்டறிவு சொல்லாது. சொல்வதாக யாரும் கோரவும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் கண்விழித்தபோது அங்கிருந்தவர் சொன்ன எந்தச் சொல் உயிரைப் பிடித்து நிறுத்தியது, எந்தச் சொல் மறுபடி தள்ளியது என்பதை மருத்துவ அறிவு மட்டும் தனித்துச் சொல்லிவிடாது என்பதே கோரிக்கை.

இம்மலை வாழ்க்கைக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் ஒன்று தோட்டப்புற வரலாற்றிலேயே கிடக்கிறது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண் தொழிலாளர்களுக்கு நகம் கழன்றும் தோல் வெந்தும் மூக்கில் ரத்தம் வடிந்தும் வந்த துன்பங்களை, ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அப்பெண்களிடமே கேட்டுத் தொகுத்து 2002இல் ஓர் ஆய்வாக வெளியிட்டன. அதற்கு முன் அப்பெண்கள் சொன்னதெல்லாம் படிப்பறியாதவர்களின் புலம்பலாகவே கருதப்பட்டது. முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்ற நிபுணத்துவ மொழியே அதிகாரம் பெற்றிருந்தது. அதே 2002இல் பாரகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசிய அரசு தடைசெய்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. அரசு இறுதியில் வந்து சேர்ந்த முடிவை, முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து நடந்த பெண்கள் முன்னமே தம் உடம்பால் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய அறிவு தனிமனித அனுபவமாகத் தொடங்கியதுதான். பலருடைய அனுபவம் ஒழுங்காகக் கேட்டுத் தொகுக்கப்பட்டபோது அது சான்றாயிற்று. தற்கொலையிலும் நிலைமை இதுவே. அனுபவம் சான்றாகாது என்று சொல்பவர்கள், அதைத் தொகுக்க மறுத்துவிட்டு அது தொகுக்கப்படவில்லை என்று குறைசொல்கிறார்கள்.

தற்கொலைத் தடுப்பு என்ற துறையின் பிறப்பும் நிபுணர்களின் அறையில் நிகழ்ந்ததன்று. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல் சமாரிட்டன்ஸ் சேவையைத் தொடங்கினார். தம்மைச் சந்திக்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில், அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்த சாதாரணத் தொண்டர்களிடமே பலர் மனபாரத்தை இறக்கிவைத்துவிட்டு, தம்மைப் பார்க்கும் தேவையே இல்லாமல் திரும்பியதை அவர் கண்டார்; கண்டதும் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பும் தொண்டர்களின் செவியை நம்பி நிற்கும் அந்த மரபில் வந்ததே. பட்டம் பெறாதவர் கேட்பது ஆபத்து என்ற பேச்சு அன்று எடுபடவில்லை. பட்டவர் கேட்பது ஆபத்து என்ற பேச்சு மட்டும் இன்றுவரை எடுபடுகிறது.

சென்னையும் பங்கேற்ற மற்றோர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரச் சிகிச்சைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதனோடு ஒருமணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தனர். தொடர்பு நீடித்தவர்களில் 0.2 பேர். அந்த விசாரிப்பைச் செய்தவர்கள் மருத்துவத் துறையினரே என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பட்டறிவுடையோரின் பணிக்கு அது நேரடிச் சான்றாகாது. அத்தகைய நேரடிச் சான்றுகள் உலக அளவிலும் இன்னும் குறைவாகவே உள்ளன. ஆனால் உயிரைக் காத்தது புதிய மருந்து அன்று, விட்டுவிடாத உறவு என்பதை அந்த ஆய்வு காட்டியது. ஒரு மலைத்தோட்டத்தில் பதினெட்டு மாதம் விடாமல் ஒருவர் வீட்டுப் படியேறி எப்படி இருக்கிறாய் என்று கேட்க யாரால் முடியும் என்ற கேள்விக்கு, இடமாற்றம் வந்தால் போய்விடும் அதிகாரியைவிட, அவ்வழியே நடந்து தேறிய அண்டைவீட்டார் பொருத்தமான பதில் அல்லவா?

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களில் உண்மையிலேயே வலுவானது எதுவோ அதற்கு வரவேண்டும். நகரத்தில் ஒருவர் தம் கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கரைந்துவிடலாம். தோட்டத்தில் கரைய இடமில்லை. ஒருவருக்கு ஒருவர் முகம் தெரிந்த, லயத்துச் சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கிற இடத்தில், அந்த வீட்டுப் பெண் என்ற அடையாளம் அவளோடு நிற்பதில்லை. அவள் மகளுக்கு வரன் பார்க்கும் நாள்வரை தொடர்கிறது. மானத்துக்கு அஞ்சும் குடும்பத்தை மேடையேற்றுவது மனிதநேயமா என்ற இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. அந்த அச்சத்துக்குச் சட்டமும் துணைநின்றது. தற்கொலை முயற்சியை ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய திருத்தத்தால்தான் நீங்கியது. பல தலைமுறைகளாக, பிழைத்தவரின் படுக்கைக்கருகே போலீஸ் வரக்கூடும் என்ற பயத்தோடு வாழ்ந்த குடும்பங்கள், தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லப் பழகியதில் வியப்பில்லை. தமிழ்ச் சொல்லுக்குள்ளும் கொலை உட்கார்ந்திருக்கிறது. மலாய்ச் சொல்லுக்குள்ளும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. சட்டம் விட்டுவிட்ட பிறகும் சொல் குற்றம்சாட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் இந்த வாதம் எதை நிறுவுகிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பட்டவரை மேடையேற்றுவது சிலருக்குத் தீங்காகலாம் என்பதை அது நிறுவுகிறது; பட்டவருக்கு வேலையில்லை என்பதை நிறுவவில்லை. பங்கேற்பு என்றாலே ஒலிபெருக்கி முன் கண்ணீரோடு கதை சொல்வதுதான் என்ற கற்பனை எதிர்த்தரப்புக்கு மட்டுமல்ல, ஆதரிப்போர் பலருக்கும் இருக்கிறது. பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கேற்றச் சொல்லி, பத்து நிமிடம் பேசவைத்து, திட்டத்தை வகுக்கும் அறைக்கதவை அவர் முகத்தில் சாத்திவிடுவது பங்கேற்பு ஆகாது. அது அவருடைய துயரத்தை அலங்காரப் பொருளாக்குவது. உண்மையான பங்கேற்புக்குப் பெயரோ முகமோ தேவைப்படாத வடிவங்கள் பல உண்டு. சுவரொட்டியின் வாசகம் அச்சுக்குப் போகுமுன் அதை வாசித்து, இந்தச் சொல் எங்கள் வீட்டாரைக் குத்தும் என்று திருத்துவது ஒன்று. தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனை போன்ற இடங்களின் பணியாளர் பயிற்சியில், அவசரப் பிரிவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளியிடம் முதல் கால்மணி நேரத்தில் எதைக் கேட்கக்கூடாது என்று சொல்லித்தருவது மற்றொன்று. சாவு விழுந்த வீட்டுக்குக் கருமாதிக்குப் பிறகு போய், உறவினர் கூட்டம் கலைந்துவிட்ட அந்த வெறுமையில் தாயின் அருகே உட்காருவது எல்லாவற்றிலும் கடினமானது. எட்வின் ஷ்னைட்மன் என்ற உளவியலாளர், இழந்தவர்களுக்குச் செய்யப்படும் இத்தகைய பின்துணையை அடுத்த தலைமுறைக்கான தடுப்பு என்றே கருதினார். உன்னால்தான் போனான் என்ற ஊர்ப்பேச்சைத் தாமும் ஒருநாள் கேட்டுத் தாங்கிய இன்னொரு தாய் செய்யக்கூடிய இப்பணியை வேறெவரும் அவ்வளவு இயல்பாகச் செய்துவிட முடியாது. அவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரலாம். மேலே பிரிஞ்சாங்கிலிருந்து வரலாம். தம் கதையைச் சொல்லாமலேயே இருக்கலாம்.

மானம் பற்றிய அச்சம் ஒருகாலத்தில் மற்றொரு நோயையும் சூழ்ந்திருந்தது. எச்ஐவி கிருமியோடு வாழும் பெண்களின் பெயரைக்கூட வெளியிடத் துணியாத காலத்தில், 1998இல் சென்னையில் பி. கௌசல்யாவும் அவரைப்போன்ற பெண்களும் சேர்ந்து தங்களுக்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். தொற்றோடு வாழ்வோரைச் சேர்க்காமல் எய்ட்ஸ் திட்டம் வகுக்கலாம் என்று இன்று எவரும் பேசத் துணிவதில்லை. அங்கே அந்த அச்சம் முதலில் நீங்கி அதன்பின் அவர்கள் வந்தார்கள் என்பதல்ல வரலாறு; அவர்கள் வந்ததால் அது சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கியது.

மலேசியாவில் 2023இன் சட்டத் திருத்தங்கள், மனநலச் சட்டத்தில் நெருக்கடித் தலையீட்டு அதிகாரி என்ற பொறுப்பையும் உருவாக்கின. போலீஸ், சமூகநல அதிகாரிகளோடு தீயணைப்பு, பொதுத் தற்காப்பு, கடல்சார் அமலாக்கத் துறையினரும் அதில் அடங்குவர். உயிரை விடத் துணிந்து நிற்பவரை இழுத்துக் காக்க அவர்களது பயிற்சி வேண்டும். இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் 15555 தொலைபேசிச் சேவையும் அப்படியே. ஆனால் இழுத்துக் காத்த மறுநாள் காலையிலிருந்து தொடங்கும் நீண்ட காலத்துக்கு இந்த ஏற்பாட்டில் பெயர் குறிக்கப்பட்டவர் யாரும் இல்லை. அமெரிக்காவில் 2014இல், முயன்று மீண்டவர்களே ஒரு பணிக்குழுவாக அமர்ந்து, தேசியக் கொள்கைக்கான பரிந்துரைகளைத் தாமே எழுதி வெளியிட்டார்கள். அத்தகைய ஒரு குழுவில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு நாற்காலி போடுவதற்கு மலேசியச் சட்டம் எதுவும் இப்போது தடையாக இல்லை.

இதே லெம்பா பெர்த்தாமில், 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சேற்றோடு பாய்ந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. அந்த இரவில் பிழைத்தவரிடம், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, எந்த மேட்டுக்கு ஓட முடிந்தது, அபாயச் சங்கு எங்கே கேட்கவில்லை என்று விசாரிப்பதை யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். அவர் மனம் கலங்கியவர், அணையின் பொறியியல் படிக்காதவர், ஆகவே வெளியேறும் வழியைப் பற்றி வாய்திறக்கக்கூடாது என்று வாதிடுபவர் நகைப்புக்கு இடமாவார்.

நச்சுப்பொருள் கைக்கு எட்டாமல் வைப்பதே இம்மலைக்கு முதல் தேவை என்பது 1988 முதல் தெரிந்த உண்மை. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில் தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வீழ்ந்ததும் உலகறிந்தது. சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டுள்ள தனித்தனிப் பெட்டிகளோடு ஊர்ப்பொதுவில் ஒரு கிடங்கு அமைத்து, ஊராரையே அதற்குப் பொறுப்பாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். லெம்பா பெர்த்தாமின் காய்கறிக் கொட்டகைகளுக்கு நடுவே அத்தகைய கிடங்கு ஒன்று வருமானால், அது எந்த வளைவில் நிற்க வேண்டும், விடியற்காலை மருந்தடிக்கப் போகிறவருக்கு அதைத் திறந்துவிடுபவர் யார், வேலை முடிந்து மீந்த மருந்து திரும்பி வந்ததா என்று மாலையில் கேட்பவர் யார், வீட்டில் சண்டை நடந்த இரவில் கதவைத் தட்டுபவரின் முகத்தைப் பார்த்தே சாவியைக் கொடுக்காமல் உள்ளே வந்து உட்கார் என்று சொல்லத் தெரிந்தவர் யார் என்பவற்றையெல்லாம் முடிவுசெய்தாக வேண்டும். அந்த முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார்கள்.